மாடி வீட்டுப் பெண்ணும் எதிர்வீட்டுத் தூக்கும்

எங்கள் சபைப் பாஸ்டரின் மனைவி கூடத்தில் உட்கார்ந்து, "உங்க மாடி காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டபோது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். காபி கலக்கிறேன் என்று பேர். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் என் கால் சமையலறைக்குள் போய்விடும், பிறகுதான் நான் போவேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் சிட்லபாக்கத்தில்தான் இருக்கிறேன். ஆனாலும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும், குரல் தெரியாது.

"காலியாத்தான் இருக்குங்கம்மா" என்று கதவிடம் சொன்னேன்.

"நம்ம ஸ்கூலுக்கு ஒரு பொண்ணு வருது. பின்லாந்து. ரஷ்யாவுக்குப் பக்கத்துல, ஒரே ஐஸு. சம்பளம் வாங்காம நம்ம பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போகுது. ஏப்ரல் வரைக்கும் இருக்கும். தங்கறதுக்கு அமைதியான வீடா வேணுமாம். உங்க வீட்டை விட அமைதியான வீடு தாம்பரத்துல உண்டா?"

அவர் சொன்னது நியாயம்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு இங்கே சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான்.

"ஒரு மாசம் இருந்து பார்க்கட்டும்" என்றார் பாஸ்டரம்மா. "பிடிச்சிருந்தா இருக்கும். பிடிக்கலேன்னா ஹாஸ்டல்ல இடம் பார்த்துக்கலாம். அதனால பொண்ணை நல்லாப் பாத்துக்கோங்க. கொஞ்சம் வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசுங்க."

வேறு சமயமாக இருந்தால் மாடியில் ஒழுகுகிறது, குழாய் சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் அந்தச் சமயம் எனக்கு அந்தப் பெண் வேண்டியிருந்தாள்.

அதற்குச் சில வாரம் முன்னால்தான் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தேன். மாடியில் குடியிருந்தவர்கள் சொந்த ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். புனேயில் இருக்கும் என் ஒரே மகன் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அம்மா, மாடில ஆள் இருந்தா நீ அங்க இரு. ஆளில்லாத வீட்ல உன்னைத் தனியா விட மாட்டேன். இங்க உனக்கு ரூம் ரெடி. நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

மகன் நல்லவன். மருமகளும் நல்லவள். கெட்டது அந்த லிஃப்ட்தான். அவர்கள் வீடு பதினாலாவது மாடி. லிஃப்டில் ஏறுகிறவர்கள் என்னைப் பார்த்து ஹிந்தியில் ஏதோ கேட்பார்கள். நான் சிரிப்பேன். இன்னொன்று கேட்பார்கள். அதற்கும் சிரிப்பேன். அடுத்ததைக் கேட்பதற்குள் எந்த மாடியில் கதவு திறக்கிறதோ அதில் இறங்கிவிடுவேன். மிச்சத்தைப் படியில் ஏறுவேன். போன தடவை போய்விட்டு முட்டி வீங்கித்தான் ஊர் திரும்பினேன்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு என் மாடி பிடித்தால் நான் சிட்லபாக்கத்தில். பிடிக்காவிட்டால் பதினாலாவது மாடியில்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் அவள் வந்தாள். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். முதுகில் அவளை விடப் பெரிய பை. நான் காலையிலிருந்து "வாம்மா, உட்காரும்மா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் பார்த்தால் நான் சமையலறையில் இருக்கிறேன். அவளாவது உள்ளே வருவாள் என்று பார்த்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. பாஸ்டரம்மா ஆட்டோவில் வந்து இறங்கித்தான் எங்களை ஒருவருக்கு ஒருவர் காட்டிக் கொடுத்தார்.

அவளும் என்னைப் போலவே கூச்சக்காரி என்பது இரண்டாம் நாள் மாடிப்படியில் தெரிந்துபோயிற்று. எங்கள் வீட்டில் படி வெளிப்பக்கம். நான் துணி காயப்போட ஏறப் போனால் மேலே கதவு திறக்கும். அவள் இறங்கட்டும் என்று நான் திரும்பிவிடுவேன். என் காலடி கேட்டு, நான் ஏறட்டும் என்று அவளும் உள்ளே போய்விடுவாள். படி காலியாகவே கிடக்கும். துணி பக்கெட்டிலேயே கிடந்து நாறும்.

சாயங்காலமானால் மகன் போன் பண்ணுவான்.

"பேசினியாம்மா?"

"ம்."

"என்ன பேசின?"

"அது தூங்குதுடா."

"மணி ஆறு ஆகுது, அதுக்குள்ள தூங்குதா?"

"அவங்க ஊர்ல அப்படித்தான் போல" என்பேன். பாவம் பின்லாந்து.

எதிர்வீட்டு மாமிக்கும் எங்கள் மௌனம் பொறுக்கவில்லை. மாமி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசியே சம்பளம் வாங்கினவர். "என்ன இது, ஒரே ஆத்துல ரெண்டு பேர் இருக்கேள், ஒரு சத்தம் இல்லை! சண்டை போட்டுண்டேளா? சண்டைன்னாலும் சத்தம் வரணுமே!" என்று ரோட்டைத் தாண்டி வந்து கேட்டார்.

மாமியே மாடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார். என்னிடம் பேச அவள் போனில் ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அவள் தன் பாஷையில் போனிடம் சொன்னால், போன் தமிழில் சொல்லும். நான் தமிழில் சொன்னால் அவளுக்கு அவள் பாஷையில் சொல்லும். போனுக்குள் இருந்த அம்மாள் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசினார். "வணக்கம். தாங்கள் உணவு அருந்தினீர்களா?" என்று அது முதல்முறை கேட்டதும் நான் எழுந்து நின்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். கூச்சப்பட இதுவரை மனிதர்கள் மட்டும் இருந்தார்கள், இப்போது போனும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. எங்கள் மாடி அறை சாதாரண நாளிலேயே அடுப்பு. முன்பு குடியிருந்தவர்கள் வாடகையைக் குறைக்கச் சொன்னதே அந்தச் சூட்டுக்காகத்தான். இன்றைக்கு மூட்டை கட்டிவிடுவாள் என்று பயந்து, ஒரு சொம்பு மோரும் பனையோலை விசிறியும் எடுத்துக்கொண்டு ஏறினேன். கூச்சம் பார்க்கிற நேரமா அது? கதவைத் தட்டித் திறந்தால், ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு நடுத்தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வேர்த்து ஊற்றுகிறது. கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் விசிறியை எடுத்து வேகவேகமாக வீச ஆரம்பித்தேன்.

அவள் போனை எடுத்து ஏதோ சொன்னாள். "எங்கள் நாட்டில் ஒவ்வொரு இல்லத்திலும் ஓர் அறையைச் சூடாக்கி அதனுள் அமர்வோம்" என்றார் செய்தி அம்மாள். "இந்த அறை மிகவும் இன்பமாக உள்ளது."

விறகு போட்டுச் சூடாக்கி வேண்டுமென்றே உட்காருவார்களாம். சூடு பிடித்திருந்தால் சரி. கீழே வந்து மோரை நானே குடித்தேன். அன்றைக்கு எனக்கு முதல்முறையாகக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அதைக் கெடுத்தது மீன்காரம்மா. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு வருகிறவர், எனக்குப் பல வருஷப் பழக்கம்.

"இன்னாம்மா, மாடில வெள்ளக்காரப் பொண்ணு கீதாமே? மீனு துன்னுமா?"

"தின்னும்னுதான் நினைக்கிறேன்."

"நெனக்கிறியா? ஒரே வூட்ல இருந்துகினு கேக்க மாட்டியா? நீதான் இப்படின்னா அதுவும் உன்ன மாதிரியே மூடிகினு கீதே. இது பள்ளிக்கூடத்துல போயி புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கும்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடம் சரிப்படாவிட்டால் மாடி எவ்வளவு சூடாக இருந்து என்ன பிரயோஜனம்? மறுநாள் அவள் நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தை மறந்து வைத்துவிட்டுப் போனாள். அதைச் சாக்கு வைத்து ஷேர் ஆட்டோ பிடித்து செம்பாக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்குப் பக்கத்தில் மறைந்து நின்றேன். அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து அதையே கூரை அதிரத் திருப்பிச் சொன்னார்கள். அவள் ஓர் அடி பின்னால் போனாள். அப்படிக் கத்த வேண்டாம் என்று சொன்னாள் போலிருக்கிறது. அதையும் அப்படியே கத்தினார்கள். அவள் உதட்டில் விரல் வைத்தாள். எல்லோரும் உதட்டில் விரல் வைத்தார்கள். "நோ, நோ" என்றாள். "நோ! நோ!" என்றது வகுப்பு. நம் பிள்ளைகள் அப்படித்தானே படிக்கும்? டீச்சர் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும். நானும் ஐந்து வகுப்பும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மீனம்பாக்கம் போய் விமானம் ஏறிவிடுவாள் போல இருந்தது. டிபன் பாக்ஸை ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவளோ சாயங்காலம் வந்து மாமியிடம், என் மாணவர்கள் மிகவும் கவனமானவர்கள் என்று சொன்னாளாம். நல்ல மனசு. இரண்டு மூன்று நாளில் அவளுக்கே ஒரு உபாயம் தோன்றியிருக்கிறது. அவள் ரகசியக் குரலில் பேச ஆரம்பித்தாள், பிள்ளைகளும் ரகசியக் குரலில் திருப்பிச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலேயே சத்தம் குறைந்த வகுப்பு அதுதான் என்று தலைமையாசிரியைக்கு ஆச்சரியம். அந்தக் கவலை தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டபோதுதான் மாமி வீட்டுத் தூக்கு வந்தது.

மாமி அவளுக்கு ஒரு தூக்கு நிறைய வத்தக்குழம்பு கொடுத்து அனுப்பியிருந்தார். மாமி வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து நான் சமைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அந்தப் பெண் தூக்கைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, காலியாக ஆட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டப் போகிறாள்.

நம் பக்கத்தில் எந்த வீட்டுப் பாத்திரத்தையும் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் தெரியாது. கொடுக்க மாட்டோம், அவ்வளவுதான். மாமியோ இதிலெல்லாம் ரொம்பப் பார்ப்பார். மாமிக்கு மனசு கோணினால் தெருவுக்கே கோணும். நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய் கேட்டிலேயே அவள் முழங்கையைப் பிடித்தேன். சமையலறைக்கு இழுத்து வந்து, காலித் தூக்கைக் காட்டிக் கையை ஆட்டினேன். கூடாது. பிறகு அன்றைக்கு வைத்த சேமியா பாயசத்தைத் தூக்கின் வாய் வரைக்கும் ஊற்றி, தலையை ஆட்டினேன். இப்படித்தான்.

"புரிந்தது. மிக்க நன்றி" என்றார் செய்தி அம்மாள்.

மற்ற நாளாக இருந்தால் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்திருப்பேன். எல்லோரும் செய்வது அதுதான். அன்றைக்குப் பாயசம் இருந்தது, ஊற்றினேன். இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

"என்ன பதவிசா இருக்கா பாருங்கோ!" என்று மாமி தெரு முழுக்கச் சொன்னார். சொன்னதும் மற்ற வீடுகளிலிருந்தும் பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. பின்வீட்டிலிருந்து இட்லி, சட்னி. மூலைவீட்டு ரிட்டயர்டு சார் வீட்டிலிருந்து கேரட் அல்வா. அவள் ஒவ்வொரு பாத்திரத்தையும் வாய் வரைக்கும் நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள். மாடியில் ஒரே ஒரு கரண்ட் அடுப்பு. அதில் உருளைக்கிழங்கை மசித்துப் பால் விட்டுக் கிளறினாள். ஓட்ஸில் கஞ்சி வைத்தாள். எல்லாம் வெள்ளையாக இருக்கும். எதிலும் உப்பு இருக்காது. தெருவே மரியாதைக்காகச் சாப்பிட்டது. "வயித்துக்கு ரொம்ப நல்லதும்மா" என்றார் மூலைவீட்டு சார், வாயைத் துடைத்துக்கொண்டு. இவ்வளவு கொடுக்கிற பெண்ணுக்குச் சின்னப் பாத்திரத்திலா அனுப்புவது என்று அடுத்த தடவை எல்லோரும் பெரிய பாத்திரமாக அனுப்பினார்கள்.

மீன்காரம்மாவும் தப்பவில்லை. "இன்னாம்மா இது? படில கூடைய வெச்சுட்டு தண்ணி குடிக்கப் போனேன். வந்து பாத்தா சங்கரா மீனுக்கு மேல ரொட்டி வெச்சிருக்குது! துன்றதா, வெல போட்டு விக்கறதா?"

நான் என்ன நினைத்தேன் என்றால், அவளுக்கு என் சமையல் பிடிக்கவில்லை என்று. நான் டிபன் பாக்ஸில் புளியோதரை கட்டினால் சாயங்காலம் அதே பாக்ஸில் ஓட்ஸ் கஞ்சி வரும். மனசு விட்டுப்போகும். மறுநாள் நெய் அதிகம் விட்டு வெண்பொங்கல் வைப்பேன். அன்றைக்கு வருகிற கஞ்சியில் உலர்ந்த திராட்சை போட்டிருக்கும். இப்படியே மாறி மாறி ஒருவருக்கு ஒருவர் ஊட்டி, இரண்டு பேரும் இளைத்துக்கொண்டிருந்தோம்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பாஸ்டரம்மா போன் பண்ணினார். "பொண்ணு கிளாஸ்ல மேஜை மேல தலை வெச்சுத் தூங்கிடுச்சாம். அதைப் பார்த்துப் பிள்ளைங்களும் எல்லாரும் டெஸ்க்ல தலை வெச்சுத் தூங்கிட்டாங்களாம்! எச்எம் போய்ப் பார்த்தா மொத்த கிளாஸும் குறட்டை விடுது. ஏங்க, அதுக்கு உங்க வீட்ல தூக்கம் சரியில்லையா? பிடிக்கலையா?"

"தெரியலீங்களே" என்றேன்.

"கேளுங்க. வாயைத் தொறந்து கேளுங்க."

அன்று சாயங்காலம் மகனும், "என்னம்மா, டிக்கெட் பார்க்கட்டுமா?" என்றான். அந்த லிஃப்ட் கதவு என் கண்ணுக்கு முன்னால் திறந்து மூடியது.

மறுநாள் விடிந்ததுமே கேட்டில் மாமியின் குரல். "கீழே வாடிம்மா! ரெண்டு பேரும் வாங்கோ!" எட்டிப் பார்த்தேன். பெயர் வெட்டிய அதே தூக்கு. மாமி அதைக் கையால் தொடாமல், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற இடுக்கியால் பிடித்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல முட்டை இருக்கு! ஓடு இருக்கு, பாருங்கோ, இத்துனூண்டு ஓடு! என் பாத்திரத்துல முட்டையா?"

தூக்குக்குள் அவள் ஊர்த் தோசை. மெல்லிசாக, இனிப்பாகச் சுட்டுச் சுருட்டி அடுக்கியிருந்தாள். மாமி முட்டை தொடாதவர். முட்டை வாசனை வந்தால் பஸ்ஸில் சீட் மாறி உட்காருகிறவர். அந்தப் பெண் படியில் பாதி வழியில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"நேத்துதான் முதல் தடவையா இது?" என்று மாமி இங்கிலீஷில் கேட்டார். எனக்கே புரிகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கொஞ்சம் யோசித்து, இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்போ போன செவ்வாய்க்கிழமை குடுத்தியே? நன்னாருக்கு, இன்னும் கொஞ்சம் பண்ணித் தான்னு கேட்டேனே? அது?"

அவள் இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு முட்டை.

மாமி கேட்டுக்குப் பக்கத்துச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டார். இடுக்கி மட்டும் நீட்டின கையில் அப்படியே இருந்தது. நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது என் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது: "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க மாமி. காலியாத் திருப்பக் கூடாதுன்னு நான்தான் காட்டினேன். பாயசம் ஊத்திக் காட்டினேன். அதான் அது நிரப்பி நிரப்பிக் குடுக்குது."

மாமி தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் உருளைக்கிழங்கு தோல் சீவிய கீறல்கள். மாமிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

"அசடே" என்று தமிழில் ஆரம்பித்து, மிச்சத்தை இங்கிலீஷில் சொன்னார். சமைக்க வேண்டாம். நிரப்ப வேண்டாம். ஒரு ஸ்பூன் சர்க்கரை. அதுவும் இல்லையென்றால் ஒரு வாழைப்பழம். முடிந்தது.

அந்தப் பெண் ஒரு விரலைக் காட்டினாள். ஒரு ஸ்பூனா?

"ஒன்!" என்றார் மாமி.

அவள் படியிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். சிரிக்கிறாள். அழுகையும்தான் கொஞ்சம் இருந்தது.

மாமி தூக்கை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, இடுக்கியோடு போனார். அப்புறம் அவர் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. அவ்வளவுதான், தெருவே இவளைத் தள்ளி வைக்கப் போகிறது, இவள் ஹாஸ்டலுக்குப் போகப் போகிறாள் என்று நான் புனேக்கு எந்தப் புடவையெல்லாம் எடுத்துப்போவது என்று பீரோவைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் மாமி வந்தார். கூடத்துக்கு வராமல் நேரே சமையலறைக்கே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்காத்து மாமா கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ" என்றார். "செவ்வாய்க்கிழமை அவர் நாலு சாப்பிட்டார். இன்னும் அந்தப் பொண்ணு அதைப் பண்ணலையான்னு கேட்டுண்டே இருக்கார்."

சனிக்கிழமை பாஸ்டரம்மா முடிவு கேட்க வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசல் வரைக்கும் வந்து நின்றேன். அதற்குமேல் கால் வரவில்லை.

"சரி, ஒரு மாசம் ஆச்சு" என்றார் பாஸ்டரம்மா. "என்ன முடிவு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் சொல்லக் காத்திருக்கிறேன். அவளானால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி.

கடைசியில் அவள் போனில் மெதுவாக ஏதோ சொன்னாள். செய்தி அம்மாள் வாசித்தார்: "ஒரு மாதம் என்னைச் சோதித்துப் பார்த்த பிறகு வீட்டின் உரிமையாளர் முடிவு செய்வார் என்று கூறினார்கள். தங்களுக்கும் தங்கள் தெருவினருக்கும் என்னைப் பிடிக்க வேண்டும் என்று நான் மிகவும் முயற்சி செய்தேன். முட்டைக்காக வருந்துகிறேன்."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. முடிவு சொல்ல வேண்டியவள் நானா? அந்தக் கஞ்சி, கிழங்கு, ரொட்டி எல்லாம் நான் வெளியே அனுப்பிவிடக் கூடாதே என்ற பயத்திலா? நான் திரும்பிப் பாஸ்டரம்மாவைப் பார்த்தேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா, உங்ககிட்ட அப்படிச் சொன்னேன், அதுகிட்ட இப்படிச் சொன்னேன். சொல்லலேன்னா நீங்க ரெண்டு பேரும் ஏப்ரல் வரைக்கும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்திருப்பீங்களா? ஆனா தெருவுக்கே சமைச்சுப் போடும்னு நான் கண்டேனா?"

இதையெல்லாம் அவர் இங்கிலீஷிலும் சொன்னார். அந்தப் பெண் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்தாள். போனில் ஒரு வரி சொல்லி, அதை என் வாய்க்கு முன்னால் நீட்டினாள்.

"நான் இங்கேயே தங்க விரும்புகிறேன். தாங்கள் சம்மதிக்கிறீர்களா?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"மன்னிக்கவும். கேட்கவில்லை. மீண்டும் சொல்லவும்" என்றார் செய்தி அம்மாள்.

"இரு..." என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"மன்னிக்கவும். சற்று உரக்கப் பேசவும்."

பாஸ்டரம்மா பார்க்கிறார். அந்தப் பெண் பார்க்கிறாள். அவள் போனை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினாள். இந்தப் பெண்ணையா காத்திருக்க வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"இரும்மா! இங்கயே இரு!" என்று கத்தினேன்.

என் குரல் அவ்வளவு பெரிசு என்று எனக்கே தெரியாது. கேட்டருகே படுத்திருந்த தெருநாய் எழுந்து குரைத்தது. பின்வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டு பால்கனியில் மாமி தலையை நீட்டி, "யாரு கத்தறது? என்னாச்சு? கீழே விழுந்துட்டாளா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி, நான்தான்!" என்றேன், அதே குரலில்.

நான்தானா என்று பார்க்க மாமி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் மகன் போன் பண்ணினான். அவன் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன், "அந்தப் பொண்ணு ஏப்ரல் வரைக்கும் இருக்குதுடா" என்று. "அப்படியா?" என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம். பாவம், அந்த ரூமுக்குப் புது ஜன்னல் திரை எல்லாம் போட்டிருந்தானாம். "சரி, ஏப்ரலுக்கு அப்புறம்?"

"பாஸ்டரம்மாகிட்ட கேட்டு வெச்சிருக்கேன்" என்றேன். "வருஷா வருஷம் யாராவது வருவாங்களாம். அடுத்தது ஜப்பானா இருக்கலாமாம்."

"நீ கேட்டியா? நீயேவா?"

"நான்தான்டா. அப்புறம் பேசறேன், வை. அது பள்ளிக்கூடத்துக்குப் படம் வெட்டி ஒட்டிக்கிட்டிருக்குது. பிடிச்சுக்கிட்டு ஒட்ட அதுக்கு ரெண்டு கை போதல, என்னைக் கூப்பிடுது."